முற்றத்து மயிலுக்கு எந்தக் கல்?

கேள்வி: செங்கோட்டையில் புது வீடு. வாசல் முற்றத்தில் வண்ணத் துண்டுகளைப் பதித்து மயில் போட ஆசை. பாத்ரூமுக்கு வாங்கி மீந்த சுவர் டைல்ஸை உடைத்துப் பதிக்கலாம் என்கிறார் கொத்தனார். கடைக்காரர் பளபளப்பான மார்பிள் மொசைக் ஷீட் காட்டுகிறார். நம் ஊர் சாரலுக்கு எது தாங்கும்?

பதில்: இரண்டும் வேண்டாம்.

சுவர் டைல்ஸ் தண்ணீர் குடிக்கும். உடைந்த இடத்தை நாக்கில் வைத்துப் பாருங்கள், ஒட்டிக்கொள்ளும். தன் எடையில் நூற்றுக்குப் பத்து பங்குக்கு மேல் நீரை இழுக்கிற சரக்கு அது. ஜூனில் தொடங்கும் சாரலில் ஊறி, இடையில் அடிக்கும் வெயிலில் காய்ந்து, ஐப்பசி மழையில் மறுபடி ஊறினால் மேல்பூச்சு சில்லு சில்லாகப் பெயரும். "மொட்டை மாடியில் உடைத்த டைல்ஸ்தானே கிடக்கிறது?" என்பார் கொத்தனார். அங்கேயும் ஊறத்தான் செய்கிறது, ஆனால் மாடியில் யார் பைக் நிறுத்துகிறார்கள்?

பளபளக்கும் மார்பிள் மழையில் வழுக்கும். ஷீட்டில் இன்னொரு வம்பு. சிலவற்றில் துண்டுகளை வலையோடு சேர்த்திருக்கும் பசை ஈரத்தில் இளகிவிடும்.

வாங்க வேண்டியது நீரை அநேகமாக இழுக்காத ஃபுல் பாடி விட்ரிஃபைட் டைல்ஸ், பளபளப்பில்லாத மேட் பினிஷ். உடைத்தால் உள்ளேயும் அதே நிறம் இருக்க வேண்டும். ஒரு துண்டை எடை போட்டு, இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு, காலையில் துடைத்து மறுபடி நிறுங்கள். ஒரு கிலோவுக்கு 5 கிராமுக்கு மேல் ஏறினால் திருப்பிக் கொடுங்கள். இதற்கெல்லாம் ஐ.எஸ். 15622 என்று தரநிர்ணயம் இருக்கிறது, பெட்டியில் 'பி ஒன் ஏ' (BIa), அதாவது மிகக் குறைவாக நீர் இழுக்கும் வகையைத் தேட வேண்டும். கடையில் கேட்டால் 'பிரீமியம் சார்' என்பார்கள். இந்தக் குறியீட்டை விற்பவருக்கே தெரியாமல் யாருக்காக அச்சடிக்கிறார்களோ!

சிவப்பு, சாம்பல், கறுப்பு நிறங்களுக்கு கிரானைட் பட்டறையில் வெட்டு மீதி கேளுங்கள். அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். பாலிஷ் போடாததாகப் பாருங்கள். மயில் கழுத்தின் நீலத்துக்கு மட்டும் கண்ணாடி மொசைக், சின்னத் துண்டுகளாக. கண்ணாடி நீரை இழுக்காது, ஆனால் பெரிய பரப்பில் போட்டால் கால் நிற்காது.

மீந்த சுவர் டைல்ஸைத் தூக்கிப்போட மனம் வராது என்று தெரியும். அதற்கு ஒரு இடம் உண்டு: படிக்கட்டின் நிற்கும் முகம். மிதி படாது, தண்ணீரும் தேங்காது. ஆனால் மேல்படி கொஞ்சம் முன்னால் நீட்டியிருக்க வேண்டும். செடித்தொட்டியின் பக்கச் சுவரிலும் ஒட்டலாம், உள்ளே நீர்க்காப்புப் பூச்சு அடித்திருந்தால் மட்டும். இல்லையென்றால் மண்ணின் ஈரம் பின்னாலிருந்து வந்து பெயர்த்துவிடும். தொட்டியின் விளிம்பில் கூடாது, தரையை ஒட்டிய முதல் வரிசையிலும் கூடாது. இவ்வளவு நிபந்தனைக்கு அதை வேலியோரம் போட்டுவிடலாம் என்று தோன்றினால், சரி, போட்டுவிடுங்கள்.

இனி நான் எப்போதும் கத்துகிற விஷயம். கொத்தனார் "நம்ம கடை" என்று ஒரே கடைக்குக் கூட்டிப்போனால் கமிஷன் உங்கள் பில்லில்தான் ஏறும். சரக்கைத் தனியாகப் போய்ப் பாருங்கள், பிறகு அவரோடு போங்கள். ஆரியங்காவு தாண்டி வந்த 'கேரளா ஸ்டைல் கல்' என்று ஒன்றைத் தள்ளப் பார்ப்பார்கள். அது பெரும்பாலும் தெலங்கானாவின் தாண்டூர் சுண்ணாம்புக் கல். கேரளத்துக்குப் போய்த் திரும்பினால் விலை ஏறிவிடுகிறது!

கல் எதுவானாலும் அடியில் 4 அங்குலக் கான்கிரீட், 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம். இடுக்கில் வெள்ளை சிமெண்ட் அடைக்க விடாதீர்கள், ஒரே மழைக்காலத்தில் பாசி ஏறிக் கறுத்துவிடும். சாம்பல் நிற எபாக்சி கிரவுட் (இடுக்கை அடைக்கும் ரெசின் கலவை) போதும். வெளிர் நிற எபாக்சி வெயிலில் மஞ்சளிக்கும்.

கடைசி நாளில் சிமெண்ட் கறை எடுக்க ஆசிட் பாட்டிலோடு வருவார்கள். கிரவுட் சிமெண்ட் என்றால் அரித்துவிடும், சுண்ணாம்புக் கல் இருந்தால் அதன் முகமும் போய்விடும். ஒட்டுகிற அன்றைக்கே ஈர ஸ்பாஞ்சால் துடைக்கச் சொல்லுங்கள், அதற்கு அரை நாள் கூலி கூடக் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள்.