கடித்தது கொசுவா, மூட்டைப்பூச்சியா?

கேள்வி: விடுதியில் தங்கிப் படிக்கும் மகன் லீவுக்கு வந்து போனதிலிருந்து, காலையில் எழுந்தால் என் கையிலும் கழுத்திலும் வரிசையாகத் தடிப்பு. கணவருக்கு ஒன்றுமில்லை. கொசுவலைக்குள்தான் படுக்கிறோம். மூட்டைப்பூச்சியாக இருக்குமா?

பதில்: இருக்கலாம். ஆனால் தடிப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே கட்டிலில் படுத்தாலும் ஒருவருக்குத் தடிக்கும், இன்னொருவருக்கு அடையாளமே தெரியாது. சிலருக்குக் கடித்துப் பல நாள் கழித்துத்தான் அரிக்கும். உங்கள் கணவரையும் கடித்துக்கொண்டிருக்கலாம். தோலை விட்டுவிட்டுக் கட்டிலைத் தேடுங்கள்.

ஒரு டார்ச்சும் பழைய ஏடிஎம் கார்டும் போதும். தலைமாட்டிலிருந்து தொடங்கி, மெத்தை ஓரத் தையலை விரித்துப் பாருங்கள். பேனா மை சொட்டியதுபோல் கரும்புள்ளிகள் இருந்தால் ஈரத்துணியால் தேயுங்கள். செம்பழுப்பாக இழுவினால் அது செரித்த ரத்தம், மூட்டைப்பூச்சியின் எச்சம். அப்புறம் கட்டில் பொருத்துகள், ஸ்க்ரூ ஓட்டைகள், பலகை இடுக்குகளில் கார்டை நுழைத்து இழுங்கள். வெளிறிய தோல்கூடுகள் உதிரும். ஒரு மில்லிமீட்டர் அளவில் வெள்ளை முட்டைகள் ஒட்டியிருக்கும். குஞ்சு 5 முறை தோலுரித்துத்தான் வளர்ந்த பூச்சியாகிறது, ஒவ்வொரு முறையும் அதற்கு ரத்தம் வேண்டும். அதனால் பூச்சியைவிடத் தோல்தான் முதலில் கண்ணில் படும்.

வளர்ந்தது சுமார் 5 மில்லிமீட்டர், தட்டையாக, செம்பழுப்பு நிறத்தில் இருக்கும். ரத்தம் குடித்ததும் உப்பிவிடும். பறக்காது, குதிக்காது. கரப்பான் குஞ்சோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது நீண்ட மீசையோடு விருட்டென்று ஓடும்.

இருப்பது உறுதியானால் வெட்கப்பட வேண்டாம். இது அழுக்கால் வருவதில்லை. பையிலும் பழைய மரச்சாமான்களிலும் ஏறி வரும். நோய் பரப்புவதாகவும் நிரூபணம் இல்லை. விரிப்பு, உறைகளை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். கடையில் விற்கும் ஸ்பிரேக்களுக்குப் பல இடங்களில் இவை பழகிவிட்டன, அதை மட்டும் நம்ப முடியாது. தேர்ந்த ஆளை அழையுங்கள். முட்டை பொரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்பதால் மறுபடியும் வரச் சொல்லுங்கள். வயலுக்கு அடிக்கும் மருந்தையோ தானியத்துக்கு வைக்கும் மாத்திரையையோ தயவுசெய்து படுக்கையறைக்குள் கொண்டுவராதீர்கள். அது உயிரையே எடுத்துவிடும்.

மகன் அடுத்த முறை வரும்போது பையை வாசலிலேயே வைத்து, ஜிப் ஓரங்களைப் பார்த்துவிட்டு உள்ளே எடுங்கள்.