ஆக்சிஜன் இருந்தும் மீன் ஏன் வாய் பிளக்கிறது?

கேள்வி: பரமத்திவேலூர் அருகே 4 மீட்டர் விட்டமுள்ள இரண்டு தொட்டிகளில் கிஃப்ட் திலேப்பியா வளர்க்கிறேன். ஒரே தண்ணீர்தான் ஃபில்டர் டிரம் வழியாகச் சுற்றிச் சுற்றி வருகிறது. பத்து நாட்களாக மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன, தினமும் ஐந்தாறு சாகின்றன. ஆக்சிஜன் லிட்டருக்கு 6 மில்லிகிராம், பி.எச். 7.4, அமோனியா 1 மில்லிகிராம் என்று காட்டுகிறது. தொட்டி அமைத்துக் கொடுத்தவர், "தண்ணீரில் குறையில்லை, இது நோய், ஆன்டிபயாடிக் போடுங்கள்" என்கிறார். அவர் சொன்னபடி மூன்று வாரத்துக்கு முன்பு ஃபில்டரைக் கழற்றி, குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவினேன். இப்போது என்ன செய்வது? அடுத்த ஆண்டு சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) வைத்து சால்மன் வளர்க்கலாம் என்றும் அவர் சொல்கிறார்.

பதில்: ஆன்டிபயாடிக் போடாதீர்கள். வாங்கிவிட்டிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் தொட்டியில் நடப்பது என்ன என்பதற்கு விடை, ஃபில்டரைக் கழுவியதாக நீங்கள் எழுதிய வரியிலேயே இருக்கிறது.

முதலில் ஒரு சோதனை. சாகும் நிலையில் இருக்கும் ஒரு மீனை எடுத்து, செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். நல்ல மீனின் செவுள் செம்பருத்திப் பூவைப் போல் சிவந்திருக்கும். செவுளைக் கத்தரித்து இரண்டு சொட்டு இரத்தத்தை வெள்ளைத் தாளில் விடுங்கள். அது காபி டிகாக்‌ஷன் நிறத்தில் பழுப்பாக இருந்தால் இந்தத் தவிப்புக்குக் காரணம் நோய் இல்லை. நைட்ரைட் நஞ்சு ஏறியிருக்கிறது. ஆக்சிஜன் 6 இருந்தும் மீன் மூச்சுக்குத் தவிக்கிறது என்று படித்ததுமே எனக்கு இந்தச் சந்தேகம்தான் வந்தது. தண்ணீரில் பிராணவாயு இருக்கிறது, அதைச் சுமக்க வேண்டிய இரத்தம் கெட்டுப்போயிருக்கிறது. நீங்கள் அனுப்பிய அளவுகளில் நைட்ரைட் மட்டும் இல்லை. பலர் விற்கும் மலிவான டெஸ்ட் கிட்டில் அந்தக் குப்பியே இருப்பதில்லை. இன்றைக்கே தனியாக வாங்குங்கள்.

இது எப்படி வந்தது? மீன் கழிக்கும் அமோனியாவை ஒரு வகைப் பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை, மீனுக்கு அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாக மாற்றுகிறது. இரண்டும் குடியிருக்கும் இடம் உங்கள் டிரம்மில் கிடக்கும் பிளாஸ்டிக் மீடியா, அதாவது பாக்டீரியா ஒட்டி வளர்வதற்காகப் போட்டிருக்கும் பிளாஸ்டிக் துண்டுகள். அதைத் தொட்டால் விரலில் வழுவழுப்பாகப் பழுப்புப் படலம் ஒட்டுமே, அதுதான் அந்தப் பாக்டீரியா. அழுக்கு என்று நினைத்து, குளோரின் கலந்த குடிநீரில் அதைத்தான் கழுவிவிட்டீர்கள். முதல் வகை சீக்கிரம் மீண்டு வந்துவிடும். இரண்டாம் வகை மெதுவாகத்தான் வரும். இடைப்பட்ட நாட்களில் அமோனியா குறைந்து, நைட்ரைட் மட்டும் குவியும். அமோனியா 1 என்று பார்த்துத் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று சொல்பவருக்கு இந்தத் தொழிலின் பாதி தெரியவில்லை என்று அர்த்தம். இதற்கு மேல் ஆன்டிபயாடிக்கும் ஊற்றினால் மிச்சமிருக்கும் பாக்டீரியாவும் போய்விடும்.

இனி செய்ய வேண்டியது. இரண்டு நாள் தீனியை அடியோடு நிறுத்துங்கள். தீனி நின்றால் அமோனியா குறையும், நைட்ரைட்டும் குறையும். மீன் பட்டினியால் சாகாது. காற்றைக் குமிழியாக விடும் காற்றுக் கற்களை இன்னும் இரண்டு மூன்று கூட்டுங்கள். கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர்தான் என்றால் ஒரு நாள் முழுக்கத் திறந்த தொட்டியில் காற்றடித்துக் குளோரினைப் போக்கிய பிறகே விட வேண்டும்.

பிறகு உப்பு. உப்பில் உள்ள குளோரைடும் நைட்ரைட்டும் செவுளில் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே நுழைகின்றன. குளோரைடு நிறைய இருந்தால் நைட்ரைட்டுக்கு வழி கிடைக்காது. நைட்ரைட்டைப் போல் குறைந்தது 10 மடங்கு குளோரைடு தண்ணீரில் இருக்க வேண்டும் என்பது நன்னீர் மீனுக்கான பொதுக் கணக்கு. 4 மீட்டர் விட்டத்தில் 80 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 10,000 லிட்டர். ஒரு தொட்டிக்கு 10 கிலோ கல்லுப்பை வாளியில் கரைத்து, மூன்று பங்காக்கி, சில மணி நேர இடைவெளியில் ஊற்றுங்கள். லிட்டருக்கு 600 மில்லிகிராம் குளோரைடு கிடைத்துவிடும். திலேப்பியா இதைவிடப் பல மடங்கு உப்பைத் தாங்கும் மீன். கால்நடை மருந்துக் கடையில் "மீன் உப்பு" என்று பை போட்டு விற்பதும் இதே உப்புதான், அதற்கு அதிக விலை தராதீர்கள்.

ஒரே ஒரு விலக்கு. "என் போர் தண்ணீரே உப்பு, எனக்கு எதற்கு உப்பு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உண்மையிலேயே குளோரைடு நிறைந்த தண்ணீர் என்றால் உப்புப் போடத் தேவையில்லை. ஆனால் நாக்கில் உப்புக் கரித்தாலோ டி.டி.எஸ். மீட்டர் 1500 காட்டினாலோ அது குளோரைடு என்று ஆகிவிடாது. டி.டி.எஸ். மீட்டர் கரைந்திருப்பதை எல்லாம் சேர்த்துத்தான் சொல்லும். அதில் சுண்ணாம்புச் சத்து இருக்கலாம், சல்பேட் இருக்கலாம், பைகார்பனேட் இருக்கலாம். அவை எதுவும் அந்த வாசலை அடைக்காது. சில ஆண்டுகளுக்கு முன் பவானிப் பக்கம் ஒரு விவசாயி, டி.டி.எஸ். 1800 என்ற தைரியத்தில் உப்புப் போடாமலே விட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது தொட்டி ஓரத்தில் மீன்களைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தண்ணீரில் இருந்தது பெரும்பாலும் கடினத்தன்மை, குளோரைடு சொற்பம். ஆகவே போர் தண்ணீரைக் குளோரைடுக்கென்று தனியாகச் சோதியுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் பார்த்துத் தருவார்கள். முடிவு வரும்வரை உப்பு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே என் ஆற்றாமையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் இப்படிப்பட்ட அமைப்புகளுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடியினருக்கும் 60 சதவீதம் மானியம் இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் தொட்டியின் படத்தைக் கேட்கிறார்கள், பில்லைக் கேட்கிறார்கள். தண்ணீர்ச் சோதனைப் பதிவேட்டை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதனால்தான் தார்ப்பாயும் மோட்டாரும் விற்கத் தெரிந்தவர்கள் எல்லாம் மீன் வல்லுநர்கள் ஆகிவிட்டார்கள். தொட்டி விற்பவரே குஞ்சும் விற்று, தீனியும் விற்று, மருந்தும் விற்று, "வளர்ந்த மீனை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்றும் சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். திரும்ப வாங்கும் நாளில் அந்தத் தொலைபேசி எடுக்கப்படாது. இந்தக் கதையைச் சொல்லி என்னிடம் அழுதவர்கள் பலர்.

இன்னொரு பொறி சுண்ணாம்பு. குளத்தில் சுண்ணாம்பு போட்டுப் பழகியவர்கள் தொட்டியிலும் அள்ளிப் போடச் சொல்வார்கள். அமோனியா இருக்கும் தண்ணீரில் பி.எச். ஏறுவது ஆபத்து. 30 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 இருக்கும்போது மொத்த அமோனியாவில் நஞ்சான பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. 8 ஆனால் ஏழெட்டு, 9 ஆனால் நாற்பதுக்கு மேல். பாக்டீரியா வேலை செய்யச் செய்யத் தண்ணீரின் காரத்தன்மை தீர்ந்துகொண்டே வரும் என்பது உண்மைதான். அதற்குச் சமையல் சோடா போதும். வழக்கமாக 1 கிலோ தீனிக்குச் சுமார் 250 கிராம், கரைத்து, மெதுவாக ஊற்றவும்.

சால்மன் ஆசையைப் பற்றி. சால்மனுக்கு 12 முதல் 15 டிகிரி வரை குளிர்ந்த தண்ணீர் வேண்டும். நாமக்கல் வெயிலில் அந்தக் குளிரை இரவும் பகலும் காக்க ஆகும் மின்கட்டணத்தைத் தொட்டி அமைத்தவரையே எழுதித் தரச் சொல்லுங்கள். நார்வேயில் சால்மன் குஞ்சுகளை இதே போன்ற மூடிய சுற்றுத் தொட்டிகளில்தான் வளர்த்துக் கடல் கூண்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கே நைட்ரைட்டைப் போல் 100 மடங்குக்கும் மேல் குளோரைடு வைக்கச் சொல்கிறது ஓர் ஆய்வு. கரியமில வாயு லிட்டருக்கு 15 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று காவல் இருக்கிறார்கள். கடல்நீர் சேர்ந்த தொட்டியில் கழிவு ஒரு மூலையில் தேங்கினால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பி, சில மணி நேரத்தில் தொட்டியே காலியாகிவிடும். அத்தனை கருவியும் ஆளும் உள்ளவர்களுக்கே இந்தப் பாடு. நம் ஊர்க் கடைகளில் "இந்தியன் சால்மன்" என்று விற்பது காலா மீன். அதற்கும் இதற்கும் உறவே இல்லை. அதைக் காட்டி விலை பேசுகிறார் என்றால் கூடுதல் கவனம் தேவை.

உங்கள் டிரம்முக்கு வருவோம். இனிமேல் மீடியாவைக் கழுவ வேண்டியிருந்தால் தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து, அதில் நான்கைந்து முறை அலசினால் போதும். ஒரே நாளில் பாதிக்கு மேல் அலசாதீர்கள். பக்கத்தில் நோயில்லாத, நன்றாக ஓடும் தொட்டி வைத்திருப்பவர் இருந்தால் அவரிடம் ஒரு வாளி பழைய மீடியா கேட்டு வாங்கி உங்கள் டிரம்மில் போடுங்கள். பாட்டிலில் வரும் எந்தப் புரோபயாடிக்கும் அதற்கு ஈடாகாது.

மாற்றி வெளியேற்றும் உப்புத் தண்ணீரை வெற்றிலைக் கொடிக்காலுக்கோ வாழைக்கோ பாய்ச்சிவிடாதீர்கள். மூன்றாம் நாள் வழக்கமான தீனியில் கால் பங்கு மட்டும் கொடுங்கள். தினமும் காலை ஒரே நேரத்தில் நைட்ரைட் பார்த்து நோட்டில் எழுதி வையுங்கள். டெஸ்ட் கிட்டில் நைட்ரைட்டின் நிறம் தொடர்ந்து ஒரு வாரம் வெளிறி நிற்கும்வரை தீனியைப் பாதிக்கு மேல் ஏற்ற வேண்டாம். மீடியா எல்லாமே கழுவப்பட்டதால் இதற்கு இன்னும் மூன்று நான்கு வாரம்கூட ஆகலாம்.