பட்டறைக் கேள்வி-பதில்: மில்லிங் மெஷினை சி.என்.சி.யாக (கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷினாக) மாற்றும்போது

கே: கையால் ஓட்டும் மில்லிங் மெஷினில் ஹேண்ட்வீலைக் கழற்றிவிட்டு, பழைய ஸ்க்ரூவிலேயே மோட்டார் மாட்டலாமா? ப்ளேயை (ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் இடையே உள்ள தளர்ச்சியை) சாஃப்ட்வேரில் சரிக்கட்டிவிடலாம் என்கிறார்களே?

ப: துளை போட மட்டும் என்றால் தாராளமாக மாட்டலாம். வளைவும் பாக்கெட்டும் (குழிவும்) வெட்ட வேண்டுமானால் வேண்டாம். அச்சு திசை திரும்பும்போது, நீங்கள் பதிந்த ப்ளே அளவுக்கு மோட்டாரைக் கூடுதலாகச் சுற்றுவதோடு சாஃப்ட்வேரின் வேலை முடிந்தது. டேபிளைப் பிடித்து நிறுத்த அதனால் முடியாது. கிளைம்ப் மில்லிங்கில், அதாவது கட்டரின் பல் வெட்டும் திசையிலேயே டேபிளும் நகரும்போது, கட்டர் டேபிளைத் தன் பக்கம் இழுக்கும். நட்டில் 0.2 மி.மீ. ப்ளே இருந்தால் டேபிள் அந்த 0.2-ஐயும் ஒரே குதியாகக் குதிக்கும். அந்த நேரத்தில் உள்ளே நுழையும் பல் அளவுக்கு மீறிக் கடிக்கும். சின்ன எண்ட் மில் அங்கேயே முறியும்.

சோதித்துப் பார்க்க ஒரு வட்டம் வெட்டி, ஓரத்தை நகத்தால் தடவுங்கள். கடிகாரத்தில் 12, 3, 6, 9 இருக்கும் இடங்களில் மட்டும் சிறு படி தட்டும். எக்ஸ், ஒய் அச்சுகள் திசை திரும்பும் இடங்கள் அவைதான். முதலில் பால் ஸ்க்ரூ (நட்டுக்குள் குண்டுகள் உருளும், ப்ளே மிகக் குறைந்த ஸ்க்ரூ), அப்புறம் மோட்டார்.

கே: பால் ஸ்க்ரூ போட்ட பிறகும் டயல் (அசைவை முள்ளால் காட்டும் அளவி) 0.08 மி.மீ. ப்ளே காட்டுகிறது. நட் மட்டமானதா?

ப: நட்டைக் குறை சொல்லும் முன் பேரிங்கைப் பாருங்கள். ஸ்க்ரூ முனையின் சென்டர் துளையில் கிரீஸ் தடவி ஒரு ஸ்டீல் குண்டை ஒட்டி, டயல் முனையை அதன்மேல் வையுங்கள். ஸ்க்ரூ சுழலாதபடி பிடித்துக்கொண்டு டேபிளைத் தள்ளி இழுங்கள். முள் அசைந்தால் ஸ்க்ரூவே முன்னும் பின்னும் போகிறது, அதாவது பேரிங்கில் ப்ளே. முள் அசையாமல் டேபிள் மட்டும் அசைந்தால் நட் அல்லது நட் பிராக்கெட்.

பெரும்பாலும் பேரிங்தான் மாட்டும். சாதாரண பால் பேரிங்கில் அச்சுவாக்கில் ப்ளே உண்டு. ஆங்குலர் காண்டாக்ட் பேரிங் (அச்சுவாக்குச் சுமையையும் தாங்கும் பேரிங்) இரண்டை முதுகோடு முதுகாக வைத்து, லாக் நட்டால் ப்ளே போகும்வரை இறுக்குங்கள். இறுக்கிய பிறகும் ஸ்க்ரூ கையால் வழவழவென்று சுற்ற வேண்டும். வேலை நடுவே பால் நட்டை வெறுமனே திருகிக் கழற்றிவிடாதீர்கள், குண்டுகள் கொட்டிவிடும். ஸ்க்ரூவின் அடிவிட்டத்தைவிடச் சற்றே மெலிந்த குழாயை முனையோடு சேர்த்து வைத்து, நட்டை அதன்மேல் நகர்த்துங்கள்.

கே: ஸ்க்ரூ லீட் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) 5 மி.மீ., பெல்ட் 2:1 (மோட்டார் இரண்டு சுற்றுக்கு ஸ்க்ரூ ஒன்று), டிரைவரில் 8 மைக்ரோஸ்டெப் (ஒரு ஸ்டெப்பை எட்டாகப் பிரிப்பது). நிமிடத்துக்கு 3000 மி.மீ. வேகத்தில் ஓட்டினால் அளவு நழுவுகிறது. ஏன்?

ப: ஸ்டெப் ஸ்டெப்பாகச் சுற்றும் ஸ்டெப்பர் மோட்டாருக்கு ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். 200 × 8 × 2 ÷ 5 = மி.மீ.க்கு 640 பல்ஸ். நீங்கள் கேட்கும் வேகம் நொடிக்கு 50 மி.மீ., ஆக 32,000 பல்ஸ். ஆர்டுயினோ ஊனோ போர்டில் ஓடும் ஜி.ஆர்.பி.எல். (டிரைவருக்குப் பல்ஸ் அனுப்பும் சாஃப்ட்வேர்) சுமார் 30,000-த்திலேயே மூச்சு வாங்கும். 4 மைக்ரோஸ்டெப்புக்கு இறக்கி, சாஃப்ட்வேரில் 640-ஐ 320 ஆக்குங்கள், பல்ஸ் பாதியாகும். ஆனால் மோட்டார் அப்போதும் 1200 ஆர்.பி.எம்.மில்தான் சுற்றுகிறது. ஸ்டெப்பருக்கு அங்கே டார்க் (சுழற்றும் விசை) வெகுவாகக் குறைந்துவிடும். கேட்லாக்கில் போட்டிருப்பது நின்ற நிலையில் உள்ள டார்க். வேகத்தை நிமிடத்துக்கு 1500 மி.மீ.க்கும், ஆக்சிலரேஷனைப் பாதிக்கும் இறக்கிப் பாருங்கள். டிரைவர் தாங்கும் எல்லைக்குள் சப்ளை வோல்டேஜை ஏற்றினாலும் கைகொடுக்கும்.

மெதுவாக ஓட்டினாலும் நழுவுகிறதா? ஸ்பிண்டிலை (கட்டரைச் சுழற்றும் தண்டை) நிறுத்திவிட்டு 50 முறை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். பிறகு ஸ்பிண்டில் ஓட, எதையும் வெட்டாமல் இன்னொரு 50. இரண்டாவதில் மட்டும் நழுவினால் வி.எஃப்.டி.யின் (ஸ்பிண்டில் மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவியின்) நாய்ஸ், அதாவது மின் இரைச்சல்தான் காரணம். ஸ்பிண்டிலுக்கு ஷீல்டு கேபிள் போட்டு எர்த் செய்து, சிக்னல் வயர்களை அதிலிருந்து விலக்குங்கள். திசை திரும்பும்போதெல்லாம் துளித்துளியாக ஒரே பக்கம் நகர்ந்தால், ஸ்டெப் பல்ஸின் போலாரிட்டி தலைகீழாக இருக்கும். அது செட்டிங்கில் ஒரே மாற்றம்.

கே: பவரை நிறுத்தினால் ஹெட் தானாகக் கீழே இறங்குகிறதே?

ப: பழைய ஸ்க்ரூ தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும், பால் ஸ்க்ரூ பூட்டாது. இசட் அச்சுக்கு, கரண்ட் போனதும் ஸ்ப்ரிங் பிடிக்கும் பிரேக் மோட்டார் போடுங்கள். ஹெட் எடைக்கேற்ற கேஸ் ஸ்ப்ரிங்கும் சேர்ந்தால் மோட்டாருக்குச் சுமை குறையும். எமர்ஜென்சி பட்டனை கம்ப்யூட்டருக்கு மட்டும் கொடுத்திருந்தால் அதையும் மாற்றுங்கள்: பட்டன் காண்டாக்டரை (சப்ளையை இணைக்கும் மின்சார ஸ்விட்சை) விடுவித்து, டிரைவர்களின் சப்ளையையும் பிரேக்கின் சப்ளையையும் நேராக வெட்ட வேண்டும்.