லேஸ் தொப்பி: இந்த மாதம் வந்த கேள்விகள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் தாப்பா ஊரில் பாதிப் பேருக்குக் குளிரான கேமரன் மலை நினைப்பு. அதனால் இந்த முறை எல்லாமே ஊசியில் பின்னும், ஓட்டை ஓட்டையான லேஸ் தொப்பிக் கேள்விகள்.

கே: 100 கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்) போட்டு வட்டமாகச் சேர்த்தேன். நாலு சுற்று போனபின் பார்த்தால் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. சரிசெய்ய வழி உண்டா?

ப: இல்லை, பிரியுங்கள். முதல் சுற்றிலேயே பார்த்திருந்தால் சேர்த்த இடத்தில் திருப்பி விட்டிருக்கலாம். அடுத்த முறை இரண்டு வரிசை தட்டையாகப் பின்னிவிட்டுச் சேருங்கள். முறுக்கு உடனே கண்ணுக்குத் தெரியும். அடியில் விழும் சின்ன இடைவெளியைத் தொடக்க நூல் வாலால் தைத்துவிடலாம்.

கே: சார்ட்டில் (டிசைனின் கட்டப்படம்) 1, 3, 5 சுற்றுகள் மட்டும்தான் இருக்கின்றன. 2, 4 எங்கே?

ப: அவை வெறும் நிட் (நேர்ப் பின்னல்). குறிப்பிலேயே எழுதியிருப்பார்கள், படியுங்கள். எல்லாச் சுற்றையும் வலமிருந்து இடமாகவே வாசிக்க வேண்டும்.

கே: 4 மி.மீ. ஊசி, 100 கண்ணி, அளவு பார்க்கப் பின்னிய மாதிரித் துண்டில் 10 செ.மீ.க்குச் சரியாக 20 கண்ணி. ஆனாலும் தொப்பி தலையில் ஏறவில்லை. பேட்டர்ன் தப்புதானே?

ப: பேட்டர்ன் மேல் பழி போடாதீர்கள். மாதிரித் துண்டைத் தட்டையாக, ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் (எதிர்ப் பின்னல்) என்று பின்னியிருப்பீர்கள். நம்மில் பலருக்குப் பர்ல் கொஞ்சம் தளர்ந்துதான் விழும். தொப்பியில் பர்ல் வரிசையே கிடையாது, அதனால் கை இறுகும். 20 என்பது 22 ஆனாலே 50 செ.மீ. தொப்பி 45க்குச் சுருங்கிவிடும். பின்னல் நீளும் என்பதால் 56 செ.மீ. தலைக்கு 50 கச்சிதம், 45 தலைவலி.

துண்டையும் வட்டப் பின்னல் மாதிரியே பின்னுங்கள். வட்ட ஊசியில் (கயிறால் இணைந்த இரு முனை ஊசி) 30 கண்ணி போடுங்கள். வரிசை முடிந்ததும் திருப்பாதீர்கள். கண்ணிகளை ஊசியின் மறுமுனைக்குத் தள்ளி, நூலைப் பின்னால் தொளதொளவென்று விட்டு, மறுபடி நிட். வெறும் நிட் போதாது, அந்த லேஸையே பின்னுங்கள். பிறகு கழுவிக் காயவைத்து, ஓரத்தை விட்டு நடுவில் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். கழுவாத லேஸை அளப்பதும் அளக்காததும் ஒன்றுதான். 22 வந்தால் 4.5 ஊசிக்கு மாறுங்கள், இல்லாவிட்டால் 110 கண்ணி போடுங்கள். உங்கள் டிசைன் 10 கண்ணிக்கு ஒருமுறை திரும்ப வருவதால் 105 எல்லாம் ஒத்துவராது. ‘ஒரு துண்டுக்கு நூல் வீணாகுதே’ என்று மாதாமாதம் யாராவது எழுதுகிறார்கள். தலையில் ஏறாத தொப்பியில் எவ்வளவு நூல் வீணாகிறது என்று ஒருவரும் எழுதக் காணோம்.

கே: நூல் எவ்வளவு வாங்க வேண்டும்?

ப: என்ன நூல் என்று எழுத மாட்டீர்களா? 4 மி.மீ. ஊசிக்கான நடுத்தர நூல் என்றால் 150 மீட்டர் போல. லேபிளில் கிராமைப் பார்க்காதீர்கள், மீட்டரைப் பாருங்கள். சாய எண்ணும் (ஒரே முறை சாயமிட்டதற்கான எண்) ஒன்றாக இருக்கட்டும்.

கே: ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கண்ணி குறைகிறது.

ப: மார்க்கர் (ஊசியில் மாட்டும் அடையாள வளையம்) பக்கத்தில் போட்ட யார்ன் ஓவர் (லேஸ் ஓட்டைக்காக ஊசியில் சுற்றும் நூல்) நழுவியிருக்கும். 10 கண்ணிக்கு ஒரு மார்க்கர் மாட்டி, நிட் சுற்றில் எண்ணிக்கொண்டே போங்கள். குறைந்த இடத்தில் இரண்டு கண்ணிக்கு நடுவே கிடக்கும் நூலை ஊசியில் தூக்கிப் போட்டால் போதும். போன மாதமும் சொன்னேன்: 10 சுற்றுக்கு ஒருமுறை, நிட் சுற்றுக் கண்ணிகளுக்குள் வேறு நிறத் தையல் நூலை ஓட்டி வையுங்கள். மார்க்கருக்குள் ஓட்டாதீர்கள். பிரித்தால் அதுவரைதான் போகும்.

கே: அக்ரிலிக் தொப்பி. கழுவியும் லேஸ் விரியவில்லை.

ப: அக்ரிலிக் தண்ணீருக்கு மசியாது. ஊதிய பலூன் மேல் மாட்டி, இஸ்திரிப் பெட்டியை மூன்று செ.மீ. தள்ளிப் பிடித்து ஆவி மட்டும் காட்டுங்கள். பெட்டி பட்டால் நூல் துவண்டுவிடும், பிறகு மீளாது. முதலில் மாதிரித் துண்டில் பாருங்கள், துண்டு பின்னியிருந்தால்! அசல் கம்பளி என்றால் 20 நிமிடம் ஊறவைத்து, பிழியாமல் துவாலையில் சுருட்டி அழுத்தி, அதே பலூனில் மாட்டுங்கள். விளிம்பு ரிப்பை (நிட்டும் பர்லும் மாறி மாறி வரும் பட்டை) மட்டும் இழுக்காதீர்கள். நம் ஊர் மழைக்காலத்தில் மின்விசிறிக்கு அடியில் இரண்டு நாள் கிடக்கட்டும், ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை வாடைதான் மிஞ்சும்.