எஃப்.எம்.ஆர்.ஐ. பயிற்சி: டாக்டருக்கும் ஆய்வாளருக்கும் ஒரே வகுப்பு போதுமா?

கேள்வி: நான் மூளை நரம்பியல் அறுவை சிகிச்சையில் முதுநிலை மாணவன். அக்கா உளவியலில் பிஎச்.டி. செய்கிறார். மூளையின் எந்தப் பகுதி எப்போது வேலை செய்கிறது என்று காட்டும் ஸ்கேனான எஃப்.எம்.ஆர்.ஐ.யை இருவரும் கற்க நினைக்கிறோம். ஒரே பயிற்சி வகுப்பில் சேரலாமா? ஸ்கேன் தரவைப் பகுத்தாய எந்த மென்பொருள் நல்லது?

பதில்: மென்பொருளை முதலில் முடித்துவிடுவோம். லண்டனில் உருவான எஸ்.பி.எம்., ஆக்ஸ்ஃபோர்டின் எஃப்.எஸ்.எல்., அமெரிக்காவின் ஆஃப்னி மூன்றுமே ஆய்வுக்கு இலவசம். உங்கள் துறையில் பக்கத்து மேசைக்காரர் எதை வைத்திருக்கிறாரோ அதையே எடுங்கள். சிக்கிக்கொண்டால் கேட்க ஆள் வேண்டுமே! பழகிப் பார்க்கத் தரவு ஓப்பன்நியூரோ தளத்தில் கிடைக்கிறது.

அடிப்படைப் பாடம் இருவருக்கும் ஒன்றுதான். எஃப்.எம்.ஆர்.ஐ. நரம்பணுக்களை நேராகப் பார்ப்பதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் மாறுவதைப் பார்க்கிறது. ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவாவின் குழு 1990இல் விளக்கியது இதைத்தான். நீங்கள் விரலை அசைத்து ஐந்தாறு வினாடி கழித்தே சமிக்ஞை உச்சத்துக்கு வரும்.

இதற்கு அப்புறம் பாதை பிரிகிறது. அக்காவின் பயம், இல்லாததை இருப்பதாகச் சொல்லிவிடுவது. மூளையைப் பல்லாயிரம் சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் சோதித்தால், சில கட்டங்கள் தற்செயலாகவே ஒளிரும். 2009இல் கிரெய்க் பென்னட் குழு செத்த சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, இப்படித் தற்செயலாக ஒளிர்பவற்றை வடிகட்டும் புள்ளியியல் திருத்தம் செய்யாமல் கணக்கிட்டது. மீனின் மூளையில் ‘செயல்பாடு’ தெரிந்தது! அக்காவுக்குப் புள்ளியியல்தான் பெரிய பாடம்.

உங்கள் பயம் நேர் எதிரானது: இருப்பதைத் தவறவிடுவது. மூளைக்கட்டியை ஒட்டிய இடத்தில் செயல்பாட்டைக் குறிக்கும் வண்ணம் படத்தில் இல்லை என்பதால் அங்கே கத்தி வைக்கலாம் என்று அர்த்தமில்லை. கட்டிக்கு அருகே ரத்தக்குழாய்கள் இயல்பாக விரியாமல் போகலாம். நரம்பணு வேலை செய்துகொண்டிருக்கும், படத்தில் மட்டும் வராது. மூச்சை அடக்கச் சொல்லி எடுக்கும் ஸ்கேன் இந்தக் குறையைக் காட்டிக்கொடுக்க உதவும். அறுவை அரங்கில் மூளையை லேசான மின்சாரத்தால் தூண்டிப் பார்க்கும் மின்தூண்டல் சோதனை இன்னும் தேவைப்படுவதற்கும் இது ஒரு காரணம். எவ்வளவு வலுவான சமிக்ஞைக்கு வண்ணம் தருவது என்ற வரம்பைச் சற்று ஏற்றி இறக்கினாலே வண்ணத் திட்டு சுருங்கி விரியும். அதனால் ஒரே நோயாளியின் படத்தைப் பல வரம்புகளில் போட்டுப் பார்க்கப் பழகுங்கள்.

நோயாளியைத் தயார் செய்வதை வகுப்புகள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விடும். எனக்கு இதுதான் பாதி வேலை. மொழிப் பகுதியைத் தேடும்போது வாய்விட்டுப் பேசினால் தாடையோடு தலையும் ஆடும். அதனால் மனதுக்குள் சொல்லச் சொல்கிறோம். அவர் உண்மையில் சொன்னாரா, தூங்கிவிட்டாரா? வெளியே உட்காரவைத்து முதலில் சத்தமாகப் பழக்குங்கள். நீங்கள் ‘கத்தி’ என்றால் அவர் ‘வெட்டு’ என்று சொல்ல வேண்டும், ‘சோறு’ என்றால் ‘சாப்பிடு’. அவர் வீட்டில் பேசும் மொழியிலேயே கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குத் திரையில் எழுத்தைக் காட்டிப் பயனில்லை, காதில் சொல்லுங்கள்.

சரி, வகுப்பு? அடிப்படைக்கு இருவரும் சேர்ந்தே போகலாம். அதன்பின் அக்காவுக்குப் பகுப்பாய்வுப் பட்டறை. உங்களுக்கு, அறுவைக்கு முந்தைய எஃப்.எம்.ஆர்.ஐ. வழக்கமாக எடுக்கும் கதிரியக்கத் துறையில் சில மாதங்கள். பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஸ்கேனர் அறைக்குள் கூட்டிப் போவீர்களா? தலை ஆடிக் கெட்டுப்போன மூலத்தரவையும் கையில் தருவீர்களா? சுத்தமான தரவை மட்டும் தருகிற இடத்தில் சேர வேண்டாம்.