யூஏ 16+ படத்துக்கு எட்டு வயதுப் பையனை எப்படி உள்ளே விட்டார்கள்?

கேள்வி: தீபாவளிக்கு மறுநாள் குடும்பத்தோடு திருப்பூரில் ஒரு படத்துக்குப் போனோம். யூஏ 16+ என்று போட்டிருந்தது. எட்டு வயது மகனை யாரும் தடுக்கவில்லை. வெட்டுக்குத்தைப் பார்த்தவன் இப்போது ராத்திரியில் தனியாகப் படுக்கப் பயப்படுகிறான். "சென்சார் ஆன படந்தானே சாமி, என்ன ஆயிரப்போகுது" என்கிறார் மாமனார். தியேட்டர்க்காரர் மேல் தப்பில்லையா?
- ஒரு தாய், பல்லடம்

பதில்: சட்டப்படி தப்பில்லை, அம்மணி. 'ஏ' சான்றிதழ் பெற்ற படம் என்றால்தான் 18 வயது ஆகாதவர்களைத் தியேட்டரில் அனுமதிக்கக் கூடாது. யூஏ அப்படியல்ல. பிள்ளைக்குக் காட்டலாமா என்பதைப் பெற்றவர்களே முடிவு செய்ய வேண்டும். முன்பு 12 வயது என்று ஒரே கோடுதான் இருந்தது. 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அது 7+, 13+, 16+ என்று மூன்றாகிவிட்டது. இந்த எண்கள் தாய் தகப்பனுக்கான எச்சரிக்கை. டிக்கெட் கிழிப்பவர் அதைக் காட்டி யாரையும் நிறுத்த முடியாது.

மாமனார் நினைப்பதுபோல், சென்சார் ஆனதாலேயே ஒரு படம் எல்லோருக்கும் ஏற்றதாகிவிடாது. அந்த உறுதியைத் தருவது 'யூ' மட்டும்தான்.

வீட்டில் பார்க்கும் ஓடிடி தொடர்களுக்குத் தணிக்கை வாரியம் கிடையாது. 2021 விதிகளின்படி அந்தத் தளங்களே வயதுத் தரம் போடுகின்றன. கூடவே வன்முறை, கெட்ட வார்த்தை, போதைப்பொருள் என்று காரணமும் வரும். எண்ணைவிட இந்தக் காரணத்தைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். சண்டையைச் சாதாரணமாகப் பார்க்கும் பிள்ளை பேயைப் பார்த்து நடுங்கும். உங்கள் பிள்ளைக்கு எது ஆகாது என்று உங்களுக்குத்தானே தெரியும்? 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பூட்டு வசதி தர வேண்டும் என்பதும் விதி. ஆனால் பின் நம்பர் போட்டு அதைப் பூட்ட வேண்டியது நாம்தான். டிவியில் பூட்டிவிட்டு அப்பாவின் போனைத் திறந்து வைத்தால் பிரயோஜனமில்லை.

மகனை "சினிமாதானே" என்று அடக்காதீர்கள். எந்தக் காட்சி பயமுறுத்தியது என்று பகலில் கேளுங்கள், அந்த ரத்தம் வெறும் சாயம் என்று சொல்லுங்கள். கொஞ்ச நாள் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளலாம். சில வாரங்களாகியும் பயம் தெளியவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

மாமனாரிடம் வாதாட வேண்டாம். பொங்கலுக்கு டிக்கெட் போடும் வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். புக்கிங் செயலியில் படத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே தரம் இருக்கும். 16+ என்றால் பெரியவர்கள் மட்டும் இரவுக் காட்சிக்குப் போய் வரட்டும்.