'இதோ வர்றேன்ப்பா' என்றபடி அடித்த பந்து

கேள்வி: வயது 54. ஆறு வருடமாக கோல்ஃப் ஆடுகிறேன். தூர அடிகளில் குறையில்லை. பந்தைக் குழிக்குள் உருட்டும் மூன்று நான்கடி பட்டிங்கில்தான் கை வெடுக்கென்று வெட்டிவிடுகிறது. மூன்று மட்டை மாற்றியாயிற்று. தினமும் இரவு ஹால் கார்ப்பெட்டில் ஒரு மணி நேரம் பழகுகிறேன். பக்கத்து அறையில் அப்பா படுத்த படுக்கை. நடுநடுவே கூப்பிடுவார், 'இதோ வர்றேன்ப்பா' என்று எதிரே இருக்கும் பந்தை அடித்துவிட்டுப் போவேன். என் டெம்போ, அதாவது அடிக்கும் தாளம், சீராக என்ன வழி?
- வாசகர், கோவை

பதில்: நான்காவது மட்டை வாங்காதீர்கள். கை வெட்டுகிறது என்று எனக்கு எழுதுகிற எல்லோரும் முதலில் மட்டையைத்தான் மாற்றியிருக்கிறார்கள்.

அப்பா கூப்பிட்ட பிறகு அடிக்கிறீர்களே, அந்த ஒரு அடியைக் கவனித்திருக்கிறீர்களா? மட்டை பாதிதான் பின்னால் போயிருக்கும். அதற்குள் முடித்துவிட்டு ஓட வேண்டுமென்று மணிக்கட்டு வெடுக்கென்று தள்ளும். பந்து உருண்டு நிற்பதற்குள் முகம் அறைப் பக்கம் திரும்பியிருக்கும். இரவுக்கு நாலைந்து தடவை இதைப் பழகுகிறீர்கள். அப்புறம் கிளப்பில் நாலு பேர் பார்க்கும்போது கை அதையே செய்தால் கையைக் குறை சொல்லி என்ன பயன்?

1970 பிரிட்டிஷ் ஓபன் கோல்ஃப் போட்டி, ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானம், கடைசிக் குழி. அமெரிக்க ஆட்டக்காரர் டக் சாண்டர்ஸுக்கு மூன்றடிகூட இல்லை, விழுந்தால் பட்டம். பந்தின் வழியில் ஏதோ கிடப்பதாகத் தோன்றி, நின்ற இடத்திலேயே குனிந்தார். நிமிர்ந்தவர் விலகிப்போய்ப் புதிதாகத் தொடங்கவில்லை, அப்படியே அடித்தார். பந்து வலப்பக்கம் விலகியது. அதனால் சமநிலையாகி, மறுநாள் நடந்த பிளேஆஃபில், அதாவது முடிவுக்கான கூடுதல் ஆட்டத்தில், ஜாக் நிக்லாஸ் ஜெயித்தார். குறுக்கே ஒன்று வந்தால் அந்த அடியை விட்டுவிட வேண்டும்.

இன்றிலிருந்து அப்பா கூப்பிட்டதும் மட்டையைக் கீழே வையுங்கள். பெற்றவர் படுக்கையிலிருந்து கூப்பிட்டால் முதல் குரலுக்கே பிள்ளை எழுந்து போக வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது பேச்சு கிடையாது. நாலு எட்டு தூரம்தானே! உங்களால் நடக்க முடிகிறது, அவரால் முடியவில்லை. தண்ணீரோ தலையணையோ, கேட்டதைச் செய்துவிட்டு, கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள். திரும்பி வந்தால் பந்துக்குப் பின்னால் நின்று அது போக வேண்டிய கோட்டைப் பார்ப்பதிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குங்கள்.

சரி, டெம்போ. மட்டை பின்னே போக இரண்டு பங்கு நேரம், முன்னே வந்து பந்தைத் தொட ஒரு பங்கு. நல்ல பட்டிங்கின் கணக்கு ஏறக்குறைய இவ்வளவுதான். சீராகத் தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 70 தட்டை ஒட்டி வைத்து, ஒரு தட்டுக்கு மட்டையைக் கிளப்பி, அடுத்த தட்டுக்குப் பந்தைத் தொடுங்கள். தோள்கள் ஊஞ்சல் போல ஆடட்டும், மணிக்கட்டு சும்மா இருக்கட்டும். பத்தடி என்றால் வீச்சு நீளும், நேரம் மாறாது. குழியின் விட்டம் 4.25 அங்குலம், பந்தின் விட்டம் 1.68 அங்குலம். மூன்றடியிலிருந்து அது தாராளமான இடம். பந்து விழும் சத்தம் காதில் கேட்கும் வரை தலை நிமிரக்கூடாது.

ஒரு மணி நேரம் எதற்கு, இருபது நிமிடம் போதும். அதையும் ஹாலில் செய்ய வேண்டாம். கார்ப்பெட்டை அப்பாவின் அறையிலேயே விரியுங்கள். ஐந்தாறடி நீளம் கிடைத்தால் போதும். அவரால் முடிந்தால் மெட்ரோனோமை அணைத்துவிட்டு, கட்டில் சட்டத்தில் விரலால் தாளம் தட்டச் சொல்லுங்கள். அவர் அசந்து தூங்கிவிட்டால் அன்றைக்கு மட்டையை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.